எழுதிக்கினு போனீங்களே, அது இன்னாச்சு?

விழுப்புரம் பக்கத்தில் ஓர் ஊர். முனைவர் பட்ட ஆய்வுக்காக 1994இல் எட்டு மாதம் அங்கே தங்கி, 186 வீடுகளில் படிவம் நிரப்பினேன். பட்டம் வந்தது, வேலை வந்தது; அதன்பின் கால் நூற்றாண்டு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. 2019 பங்குனியில், என்னிடம் ஆய்வு செய்த மாணவி ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன். வேப்பமரத்தடியில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க அந்த நோட்டுக்காரத் தம்பிதானே?" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த கேள்வியில் அது இறங்கிவிட்டது. "வூடு வூடா வந்து எழுதிக்கினு போனீங்களே, அது இன்னாச்சு?"

"அதை வச்சுத்தான் அக்கா எனக்கு டாக்டர் பட்டம் கிடைச்சது" என்றேன். "உங்களுக்குக் கிடைச்சது, சரி" என்று சொல்லிவிட்டு அவர் முறத்தைக் கையில் எடுத்துப் புடைக்கத் தொடங்கினார்.

என் பணிக்காலத்தில் ஆய்வு பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை அன்று இரவு எண்ணிப்பார்த்தேன். எத்தனை கட்டுரை? எந்த ஆய்விதழ்? அந்த இதழ் பட்டியலில் உண்டா? எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்? எந்தப் பதவி உயர்வு நேர்காணலிலும், "அந்த ஊருக்குப் பிறகு போனீர்களா?" என்று யாரும் கேட்டதில்லை. தேர்வுக்குழுவில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்த நாள்களில் நானும் பிறரிடம் அதைக் கேட்டதில்லை. மொழி, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வில் ஒன்றை முதலில் சொல்வது ஒரு வேலை. சொன்னதை இன்னொருவர் திரும்பிப் போய்ப் பார்க்க வழிவைப்பது அதைவிடப் பெரிய வேலை. நம் பல்கலைக்கழகங்கள் முதல் வேலைக்கு மதிப்பெண் தருகின்றன. இரண்டாவதற்கு ஓர் அலமாரிகூடத் தருவதில்லை. இந்தக் கட்டுரை அந்த அலமாரியைப் பற்றியது.

திரும்பிப் போவதால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம்மிடமே நூறாண்டைத் தாண்டிய எடுத்துக்காட்டு இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் ரஸ்கின் கல்லூரியில் முதல்வராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1915 இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கான முதல் பேராசிரியராக வந்து சேர்ந்தார். அவர் செய்த காரியம் எளிமையானது. மாணவர்கள் கையில் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது சொந்த ஊரையே கணக்கெடுத்து வரச் சொன்னார். எத்தனை வீடு, எவ்வளவு நிலம், யாருக்கு யார் கடன், கூலி நெல்லா காசா, கிணறு எத்தனை, ஏர் எத்தனை. 1916இல் தொடங்கிய இந்த வேலை 1918இல் நூலாக வந்தது. தென்னாற்காட்டின் இருவேல்பட்டு, திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான், தஞ்சாவூரின் பாலக்குறிச்சி, வடாற்காட்டின் தூசி, அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம் ஆகியவை அதில் இடம்பெற்ற தமிழ் ஊர்கள். ஆய்வாளர்கள் இவற்றை இன்றும் ஸ்லேட்டர் கிராமங்கள் என்றே அழைக்கிறார்கள்.

அந்த நூலை நான் மதிப்பது அதன் முடிவுகளுக்காக அல்ல. அவற்றில் பலவற்றைப் பின்னால் வந்தவர்கள் திருத்திவிட்டார்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன கேள்வி என்று வெளிப்படையாக எழுதிவைத்ததால்தான் அவர்களால் திருத்த முடிந்தது. பொருளியலாளர்கள் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1936-37இல் மறு கணக்கெடுப்பு நடத்தி 1940இல் வெளியிட்டார்கள். 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். குகன் முதலானோர் இந்த ஊர்களை ஒவ்வொன்றாக மீண்டும் எடுத்தார்கள். இருவேல்பட்டுக்குக் குகனோடு அமெரிக்க மானுடவியலாளர் ஜோன் மென்ச்சரும் சேர்ந்துகொண்டார். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் இருவேல்பட்டுக்குப் போய், 1916 தொட்டு அந்த ஊர் கடந்துவந்த வழியை 2010இல் எழுதினார்கள். இவர்களில் பலர் ஒருவரோடு ஒருவர் பேசியிருக்கக்கூட வாய்ப்பில்லை. ஆனாலும் முன்னவர் போட்ட முடிச்சைப் பின்னவர் பிடித்துக்கொண்டார்.

அப்படிப் பிடித்ததில் தெரியவந்தது என்ன? ஒன்றை மட்டும் சொல்கிறேன். நிலவுடைமையாளரிடம் கட்டுண்டு உழைத்த படியாள்கள் வாங்கிய கடன் அடைபடாமலே தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கியதை 1918 நூல் இருவேல்பட்டுப் பகுதியில் பதிவுசெய்திருக்கிறது. கடனோடு அடிமை வேலையும் இறங்கியது. தொண்ணூறு ஆண்டு கழித்துப் போனவர்கள் கண்ட ஊரில் பெரிய நிலவுடைமைக் குடும்பத்தின் பிடி தளர்ந்திருந்தது. விவசாயத்துக்கு வெளியே வேலை தேடிக்கொள்ளும் வழி பிறந்திருந்தது. தலித் மக்கள் பேரம் பேசும் வலுவோடு இருந்தார்கள். இதற்கு எந்த ஒற்றைச் சட்டமும் ஒற்றைத் தலைவரும் காரணமல்ல என்பது இடையிலுள்ள கணக்கெடுப்புகளை வரிசையாக வைத்துப் படித்தால்தான் புரியும். 2008இல் மட்டும் ஒருவர் போயிருந்தால், "இங்கே கூலியாள் கிடைப்பதில்லை" என்ற நிலவுடைமையாளரின் புலம்பலை எழுதிக்கொண்டு திரும்பியிருப்பார். அந்தப் புலம்பலுக்குப் பின்னால் ஒரு விடுதலை நடந்திருக்கிறது என்பதைக் காட்டப் பழைய படிவம் வேண்டும்.

அதே இருவேல்பட்டின் பெயர் 2024 டிசம்பரில் எல்லாச் செய்திகளிலும் அடிபட்டது. ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை வெள்ளத்தில் சிக்கிய மக்கள் நிவாரணம் கேட்டுத் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் மறியல் செய்தார்கள். பார்க்கப் போன அமைச்சர் மீது சேறு வீசப்பட்டது. இரண்டு நாள் விவாதம் நடந்தது: வீசியவர் எந்தக் கட்சி, யார் தூண்டினார்கள் என்று. இது நூறாண்டாகக் கணக்கெடுக்கப்பட்ட ஊர் என்பது அந்த விவாதத்தில் என் காதில் விழவில்லை. கடன் தலைமுறை தலைமுறையாக இறங்கிய ஓர் ஊரில், ஆட்சியை வழிமறித்துக் கேட்கும் துணிவு எந்தெந்தப் பத்தாண்டில், யார் யாருக்கு வந்தது? அன்று சாலைக்கு வந்தவர்கள் யார், வீட்டோடு இருந்துவிட்டவர்கள் யார்? அதைக் கேட்க வேண்டியது தொலைக்காட்சி அல்ல. அடுத்த முறை வினாப்பட்டியலோடு போகப்போகிறவர்.

ஸ்லேட்டரின் முயற்சியைப் புகழ்ந்துவிட்டு அதன் ஓட்டையைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. 1916இல் சென்னையில் பொருளியல் படிக்க வந்த மாணவர் எந்தத் தெருவிலிருந்து வந்திருப்பார்? அவர் சொந்த ஊரில் எந்தத் தெருவரை நடந்திருப்பார்? நில விவரம் ஊர்க் கணக்கரான கர்ணத்திடம் கிடைத்திருக்கும். சேரியின் பசியை யாரிடம் கேட்டிருப்பார்? பெண்களிடம் எப்படிப் பேசியிருப்பார்? அந்தப் பக்கங்களில் தெரியும் ஊர், பெரும்பாலும் திண்ணையிலிருந்து பார்த்த ஊர். ஆனால் அதைத் திண்ணைப் பார்வை என்று இன்று நம்மால் அடையாளம் சொல்ல முடிகிறதென்றால், பின்னால் போனவர்கள் வேறு தெருக்களின் வழியாக ஊருக்குள் நுழைந்ததால்தான். முதலில் போனவரின் கண் எங்கே நின்றதென்று இரண்டாவதாகப் போகிறவருக்குத்தான் தெரியும்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய கதையல்ல. உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் மாவட்டத்துப் பாலன்பூர் என்ற சிற்றூரை 1957-58இல் தொடங்கி ஒவ்வொரு பத்தாண்டிலும் ஒருமுறையாவது பொருளியலாளர்கள் கணக்கெடுத்து வந்திருக்கிறார்கள். ஹிமான்ஷு, பீட்டர் லான்ஜோ, நிக்கலஸ் ஸ்டெர்ன் மூவரும் 2018இல் அதை ஒரு பெரிய நூலாக்கினார்கள். கீழைத் தஞ்சையைப் பற்றி நாம் அறிந்தவற்றில் கணிசமான பகுதி, 1950களின் தொடக்கத்தில் அங்கே தங்கிய மானுடவியலாளர் கேத்லீன் கஃப் 1976இல் திரும்பி வந்ததால் கிடைத்தது.

கல்வெட்டும் இலக்கணமும் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பாடம் பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளின் தொகுப்பை வெளியிட்டது 1966இல். அந்த ஒன்றை வைத்தே வாழ்நாள் முழுக்கப் பேர் சொல்லிக்கொண்டிருக்கலாம். அவரோ, தினமணி ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகியபின், அறுபது வயதைத் தாண்டிய நிலையில், 1990களில் அதே குன்றுகளில் மறுபடி ஏறினார். முன்பு தான் படித்த எழுத்துகளைப் பாறையிலேயே மீண்டும் பார்த்து, தன் வாசிப்பைத் தானே திருத்திக்கொண்டார். 2003இல் வந்த அவருடைய பெருநூலுக்குப் பின்னால் இந்த இரண்டாம் ஏற்றம் இருக்கிறது. நொபொரு கராஷிமாவும் ஒய். சுப்பராயலுவும் தோரு மட்சுயும் 1978இல் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆள்பெயர்களையெல்லாம் அடைவாக்கித் தந்தது இன்னொரு வகை. பெயர் அடைவு எந்தப் பரபரப்பையும் கிளப்பாது. ஆனால் சோழர் காலத்து நிலவுடைமை பற்றி ஒருவர் சொன்னால், அடைவைப் பிரித்து, அந்தக் கல்வெட்டுக்கே போய், "அப்படியில்லை" என்று இன்னொருவர் சொல்லலாம். மறுப்பதற்கு வழி திறந்துவைப்பது பெரிய மனம்.

இனி என் கதைக்கு வருகிறேன். 186 படிவங்களையும் இரண்டு அட்டைப்பெட்டியில் கட்டி, நான் படித்த துறையின் ஆய்வறையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சில ஆண்டுகளுக்குப் பிறகு கட்டடத்துக்கு வெள்ளையடித்தபோது அவை எடைக்குப் போய்விட்டன. யாரையும் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. ஆய்வேடு முடிந்த பிறகு அந்தப் பெட்டிகளை ஒரே ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. என்னைப் பொறுத்தவரை சாறு பிழிந்தாகிவிட்டது. சக்கை எங்கே போனால் என்ன என்று இருந்துவிட்டேன்.

சக்கை என்று நான் நினைத்ததில் என்ன இருந்தது என்பது இப்போதுதான் உறைக்கிறது. என் படிவத்தில் ஒரு கட்டம்: முதன்மைத் தொழில். வீட்டுப் பெண்களிடம், "என்ன வேலைக்கா போறீங்க?" என்று கேட்பேன். "சும்மாதான் இருக்கறேன்" என்பார்கள். அப்படிச் சொன்னவர் கையில் அப்போது மல்லாட்டை இருக்கும், அல்லது புளி இருக்கும், அல்லது மாட்டுக்கு வெட்டிய புல்கட்டு திண்ணையில் சாய்ந்திருக்கும். கட்டத்தில் நான் போட்ட எண் 9; எங்கள் குறியீட்டில் 9 என்றால் வேலையில்லை. சில படிவங்களில் உறுத்தல் தாங்காமல் ஓரத்தில் பென்சிலால், "பேசும்போதே இரண்டு படி உடைத்துவிட்டார்" என்பது போல எழுதிவைத்தேன். ஆய்வேட்டுக்குப் போனது 9. பென்சில் எழுத்து எடைக்குப் போனது. பெண்களின் உழைப்பைக் கணக்கில் கொள்வது எப்படி என்று இன்று என் மாணவி ஆய்வு செய்கிறார். அவருக்கு என் அட்டவணையால் பயனில்லை. அந்த ஓரக் குறிப்புகள்தான் வேண்டும்.

இங்கே ஒருவர் சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீநிவாஸின் கதையை எடுத்துக்காட்டி என்னை மறுக்கலாம். மைசூர்ப் பக்கத்தில் ராம்புரா என்று அவர் பெயரிட்டு எழுதிய ஊரில் 1948இல் களப்பணி செய்தார். பதினெட்டு ஆண்டுகளாகப் பகுத்துத் தொகுத்த குறிப்புகளின் மூன்று படிகளும் 1970 ஏப்ரல் 24 அன்று ஸ்டான்ஃபோர்டில் அவர் தங்கியிருந்த ஆய்வு மையத்துக்கு வைக்கப்பட்ட தீயில் கருகின. நினைவிலிருந்தே எழுதுங்கள் என்று மானுடவியலாளர் சோல் டாக்ஸ் யோசனை சொல்ல, 1976இல் வெளிவந்த நூல் இந்தியச் சமூகவியலின் மிகச் சிறந்த புத்தகங்களில் ஒன்றானது. காகிதம் போனால் என்ன, மனம் போதாதா என்று கேட்கலாம். போதும், எழுதுகிறவர் ஸ்ரீநிவாஸாக இருந்தால். அவருக்கும்கூட, பதினெட்டு ஆண்டு அந்தக் குறிப்புகளோடு புழங்கியதால்தான் நினைவு கைகொடுத்தது. அதோடு, அந்த நூலைப் படித்து நாம் வியக்கலாமே தவிர, அதன் ஒரு வரியைச் சரிபார்க்க வேண்டுமென்றால் அந்தத் தொகுத்த குறிப்புகள் இன்று இல்லை. தீயில் போனது அவருடைய உழைப்பு மட்டுமல்ல. நாம் அவரோடு வாதாடும் உரிமையும்தான்.

எடைக்குப் போகிற காகிதத்தில் ஒரு சமூகத்தின் நினைவு இருக்கிறது என்று கண்டுகொண்டவர் பேராசிரியர் அல்ல. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த கோட்டையூர் ரோஜா முத்தையா. 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்க, 1994இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. நாடக நோட்டீசும் திருமண அழைப்பிதழும் ஆய்வுக்கு ஆதாரமாகும் என்று ஒரு தனிமனிதருக்குத் தோன்றியது. பொதுப் பணத்தில் நிரப்பிய படிவம் ஆதாரமாகும் என்று நம் துறைகளுக்கு ஏன் தோன்றுவதில்லை?

தோன்றாததற்குக் காரணம் சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போக மாட்டேன். எதற்கு மதிப்பெண்ணோ அதைத்தான் மனிதர்கள் செய்வார்கள். கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களின் ஆய்வுக்குப் புள்ளி போடும் முறையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கொண்டுவந்தது. முனைவர் பட்ட மாணவர் ஆய்வேட்டைத் தருமுன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்றும் விதி இருந்தது. எங்கே தேவை பிறக்கிறதோ அங்கே கடை முளைக்கும். பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் கட்டுரை போடும் இதழ்கள் முளைத்தன. 2018 மே மாதத்தில் மானியக் குழுவே தான் ஏற்றிருந்த பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்க வேண்டியதாயிற்று. பிறகு புதிய பட்டியல் வந்தது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரைக் கட்டாயம் 2022இல் விலக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் அந்தப் புதிய பட்டியலும் கைவிடப்பட்டது. பட்டியல் போய்விட்டது, எண்ணும் பழக்கம் போகவில்லை.

எண்ணுவதை முழுக்கத் தூற்றவும் என்னால் முடியாது. எண் இல்லாத காலத்தையும் பார்த்திருக்கிறேன். யாருடைய சீடர், யாருக்கு வேண்டியவர், எந்தச் சாதி என்பதை வைத்துத் தரம் முடிவான நேர்காணல்கள் உண்டு. பரிந்துரைக்க ஆளில்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, "ஆறு கட்டுரை வைத்திருக்கிறேன்" என்று சொல்ல முடிந்தது ஒரு பிடிமானம். அந்தப் பிடிமானத்தைப் பிடுங்கிவிட்டு, "பெரியவர்கள் பார்த்துத் தரத்தை முடிவு செய்வார்கள்" என்று சொன்னால் பழைய கதவு மறுபடி திறக்கும். ஆகவே எண்ணுவதை நிறுத்தச் சொல்லவில்லை. எதை எண்ணுகிறோம் என்பதை மாற்றச் சொல்கிறேன். தொகுத்துப் பாதுகாப்பில் வைத்த களத்தரவை எண்ணலாம். பிறர் எடுத்துப் பயன்படுத்திய ஓர் அடைவை எண்ணலாம். பழைய ஆய்வொன்றை மறுபடி செய்து அது சரி என்றோ தவறு என்றோ காட்டியதை எண்ணலாம்.

கடைசியாகச் சொன்னதற்குத்தான் இன்று இடமே இல்லை. துறைக்குழுவில் ஒரு மாணவர் தலைப்பை முன்வைக்கும்போது முதலில் எழும் குரல், "இதை ஏற்கெனவே ஒருத்தர் பண்ணியாச்சே" என்பது. அந்தக் குரல் பலமுறை என்னுடையதாக இருந்திருக்கிறது. ஏற்கெனவே செய்யப்பட்டது என்பது ஒரு தலைப்பை எடுக்கச் சரியான காரணமாக இருக்கலாம் என்று நான் உணர நாளாயிற்று. எல்லோரும் புதிய தலைப்பைத் தேடி ஓடுவதால், மாவட்டத்தின் பெயரை மட்டும் மாற்றிய ஒரே மாதிரி ஆய்வேடுகள் குவிகின்றன. ஒன்று சொன்னது சரிதானா என்று மற்றொன்று கேட்பதேயில்லை. அறையில் உட்கார்ந்து நிரப்பிய படிவங்களின் மேல் எழுந்த ஆய்வேடுகளும் அவற்றில் உண்டு. சிலவற்றில் தேர்வாளனாக எனக்குச் சந்தேகம் வந்ததும், படிவங்களைக் காட்டச் சொல்லாமல் கையெழுத்திட்டதும் உண்டு. யாராவது ஒருநாள் திரும்பிப் போய்ப் பார்ப்பார்கள் என்ற பயம் இருந்திருந்தால் அவற்றில் பாதி எழுதப்பட்டிருக்காது.

திரும்பிப் போய்ப் பார்ப்பதற்கும் தரவைக் காத்துவைப்பதற்கும் மூன்று தடைகள் சொல்லப்படும். மூன்றும் கவனிக்கத்தக்கவை. முதலாவது, ஒரே ஊரைத் திரும்பத் திரும்பப் பார்த்து நாட்டை அறிய முடியுமா? முடியாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கலாம். சமூகம் ஒரே பானையில் வெந்தது அல்ல. நாடு தழுவிய நிலைக்குத் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அது எவ்வளவு என்று சொல்லும். எப்படி, யார் வழியாக, எந்த வரிசையில் என்று சொல்ல, பெயர் தெரிந்த ஊர் ஒன்று வேண்டும். கங்கைகொண்டானையே பாருங்கள். சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு அதைக் கிராமம் என்பதா நகரம் என்பதா என்ற கேள்வி, 1916இலிருந்து அதைத் தொடர்ந்தவர்களுக்குத்தான் கூர்மையாக எழுந்தது.

இரண்டாவது தடை கனமானது: அந்தரங்கம். படிவத்தில் யாருக்கு யார் எவ்வளவு கடன், எந்த வீட்டில் எந்தச் சாதி, யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்றெல்லாம் இருக்கும். அதைப் பொதுவில் வைத்தால் ஊருக்குள் நெருப்பு வைப்பதாகிவிடலாம். கஃபும் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேயும் தாங்கள் ஆய்ந்த தஞ்சை ஊர்களுக்குப் புனைபெயர் இட்டது இதனால்தான். புனைபெயரோ திரும்பிப் போகும் வழியை மறைத்துவிடும். இந்த இழுபறிக்கு முழுத் தீர்வு இல்லை. ஆனால் பூட்டுக்கும் அழிவுக்கும் இடையே வேறுபாடு உண்டு. பிரிட்டனில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களை நூறாண்டு பூட்டிவைத்துப் பிறகு திறக்கிறார்கள். 1921இன் படிவங்கள் 2022இல் திறந்தன. ஒரு தலைமுறை கழியும்வரை பெயரை நீக்கிக் கொடுப்பது, அதன்பின் ஆய்வாளருக்கு மட்டும் காட்டுவது என்று படிப்படியான பூட்டு நம்மாலும் போட முடியும். எடைக்குப் போடுவது அந்தரங்கக் காப்பு ஆகாது. என் படிவங்கள் எந்தக் கடையில் எதைப் பொட்டலம் கட்டினவோ!

மூன்றாவது, பணமும் இடமும். முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சோத்கங்கா மின்சேகரத்தில் ஏற்ற நம்மால் முடிந்திருக்கிறது. அது பெரிய காரியம். இன்று எந்த ஊர்க் கல்லூரி மாணவரும் நாட்டின் ஆய்வேடுகளைப் படிக்கிறார். அங்கே முடிவு இருக்கிறது. முடிவு எதிலிருந்து பிறந்ததோ அது இல்லை. ஆய்வேட்டோடு வெற்று வினாப்பட்டியலையும், குறியீட்டு விளக்கத்தையும், பெயர் நீக்கிய தரவையும் சேர்த்து ஏற்றக் கூடுதலாக ஆகும் செலவு மிகச் சிறியது. படிவங்களை வருடி மின்படியாக்கத் துறைக்கு ஒரு கருவியும் பகுதிநேர ஊழியர் ஒருவரும் போதும். இல்லாதது பணம் அல்ல. இது ஆய்வின் பகுதிதான் என்ற எண்ணம்.

இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். என் துறையில் யாரும் இதை ஆய்வு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எந்த ஊரில் எழுதினோமோ அந்த ஊருக்கு, அந்த ஊர் படிக்கும் மொழியில் நான்கு பக்கமாவது எழுதிக் கொடுக்க வேண்டும். என் ஆய்வேடு ஆங்கிலத்தில் 312 பக்கம். அந்த ஊரிலிருந்து அதன் ஒரு வரியைக்கூட 2019 வரை யாரும் மறுத்ததில்லை. அது என் ஆய்வின் தரம் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2019 பயணத்துக்குப் பிறகு வீட்டுப் பரணைக் கிளறினேன். படிவங்கள் போனாலும் ஒரு நாட்குறிப்பேடு தப்பியிருந்தது. அதில் முப்பத்தொரு வீடுகளைப் பற்றி விரிவாக எழுதியிருந்தேன். அதை வைத்து நான்கு பக்கம் தமிழில் தட்டச்சு செய்து, கடன் விவரங்களை நீக்கிவிட்டு, அந்த ஆடியில் மறுபடி ஊருக்குப் போனேன். அதே வேப்பமரத்தடி. அக்காவின் பேத்தி பத்தாம் வகுப்பு. அவளே சத்தமாகப் படித்தாள். சுற்றிலும் ஏழெட்டுப் பேர். செத்துப்போனவர்கள் பெயர் வந்தபோது யாரோ உச்சுக்கொட்டினார்கள். தன் வீட்டு விவரம் வந்தபோது அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"ரெண்டு மாடுன்னா எழுதியிருக்கீங்க? ரெண்டு இல்ல தம்பி. ஒண்ணுதான் எங்களுது. இன்னொண்ணு ரெட்டியார் வூட்டுது, வாரத்துக்குப் புடிச்சாந்து வளத்தது. கன்னு போட்டா பாதி அவங்களுக்கு."

பேனாவை எடுத்து அந்த வரியைத் திருத்தினேன். இருபத்தைந்து ஆண்டுகளில் என் ஆய்வுக்குக் கிடைத்த முதல் திருத்தம் அது. உடைமை என்று நான் எண்ணியது பாதி கடமையாக இருந்திருக்கிறது. அப்படியானால் மற்ற வீடுகளில் நான் எண்ணிய மாடுகள்? அதைச் சொல்லக்கூடிய படிவங்கள் இப்போது இல்லை. அட்டவணை 4.7இல், கால்நடை உடைமை என்ற தலைப்பின் கீழ், அந்த வீட்டுக்கு நேரே இன்னமும் இரண்டு என்றுதான் இருக்கிறது.

– கட்டுரையாளர், ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியர்.